ஸூன் என்றால் எவ்வளவு நேரம்?

வாசகர் கேள்வி, ஜனவரி 8
ஆங்கிலத்தில் ‘ஸூன்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘விரைவில்’, ‘சீக்கிரம்’ என்று போட்டிருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அதற்கு ‘உடனே’ என்றுதான் பொருள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உடனே எப்படிக் ‘கொஞ்ச நாளில்’ ஆகும்? அவர் சொல்வது உண்மையா, கதை விடுகிறாரா?

ஜனவரி 8, இரவு
உண்மைதான். பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறக்குறைய 1150-க்கு முந்தைய ஆங்கிலத்தில், இந்தச் சொல்லின் வடிவம் ‘ஸோனா’. பொருள் ‘உடனே, அந்தக் கணமே’. பழைய சாக்சன், பழைய ஃப்ரிசியன், பழைய உயர் ஜெர்மன் மொழிகளில் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. லத்தீன் விவிலியத்தில் ‘உடனே’ என்று பொருள்படும் ‘ஸ்டாட்டிம்’ வரும் இடங்களுக்கு, பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில் ‘ஸோனா’வைப் பார்க்கலாம். ‘சீக்கிரம் பார்க்கலாம்’ என்ற இழுவை அப்போது அதில் இல்லை.

ஒலி மாறிய கதை தனி. கடைசி உயிர் முதலில் மெலிந்து, பிறகு உதிர்ந்தது. ‘ஸோன்’ என்ற நெடில் ஓகாரம், சுமார் 1400-லிருந்து 1700 வரை ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது, ஊகாரமாக ஏறியது. நிலவைக் குறித்த ‘மோனா’ மூன் ஆனதும் இதே வழியில்தான். எழுத்தில் இரண்டு ‘ஓ’ போட்டுவிட்டு வாயில் ‘ஊ’ சொல்கிறார்களே, ஏன் என்று பள்ளியில் கேட்டிருப்போம். எழுத்து பழைய ஒலியில் நின்றுவிட்டது, வாய் மேலே போய்விட்டது.

பொருள் தளர ஆரம்பித்தது இடைக்கால ஆங்கிலத்தின் தொடக்கத்திலேயே. ஏன் தளர்ந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதை எழுத நேரம் வேண்டும்.

ஜனவரி 9
‘ஸூன்’ என்பது சூரியனைக் குறிக்கும் ‘சன்’னிலிருந்து வந்தது, விடிந்தவுடன் என்று பொருள் என ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அழகான விளக்கம், ஆனால் தொடர்பு இல்லை. சூரியனுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘சுன்னே’. அதில் உயிர் குறில், னகரம் இரட்டை. ‘ஸோனா’வில் உயிர் நெடில், னகரம் ஒன்று. இரண்டும் அப்போதே வேறு வேறு சொற்கள்.

நடுப்பகலைக் குறிக்கும் ‘நூன்’ இதற்குச் சொந்தமா என்று இன்னொருவர் கேட்கிறார். அதுவும் இல்லை. ‘நூன்’ லத்தீனில் ஒன்பதாம் மணி என்று பொருள்படும் ‘நோனா ஹோரா’விலிருந்து வந்தது. விடியலிலிருந்து ஒன்பது என்றால் நம் கணக்கில் பிற்பகல் 3 மணி. அந்த நேரத்துத் தேவாலய வழிபாடும் அதையொட்டிய சாப்பாடும் மெல்ல முன்னே நகர, சொல்லும் கூடவே நகர்ந்து 12 மணிக்கு வந்துவிட்டது. ஆக நூன் முன்னால் வந்தது, ஸூன் பின்னால் போனது. உறவு இல்லாவிட்டாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. நேரச் சொற்கள் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை.

ஜனவரி 11
இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘ஸூன்’ மட்டும் தளர்ந்திருந்தால் ஏதோ விபத்து என்று விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ‘உடனே’ என்று பொருள்பட்ட சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே பள்ளத்தில் விழுந்திருக்கின்றன.

‘அனான்’ என்று ஒரு சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்றாக, ஒன்றுக்குள்’ என்று பொருள்பட்ட ‘ஆன் ஆன்’ என்ற தொடர் ஒட்டிப்போய் ‘உடனே’ என்று ஆனது. பிறகு ‘சற்று நேரத்தில்’ என்று தளர்ந்தது. ‘பை அண்ட் பை’ முதலில் ‘ஒவ்வொன்றாக’, அப்புறம் ‘உடனே’, அப்புறம் ‘போகப் போக, பிறகு’. ‘பிரசென்ட்லி’ என்றால் ‘இந்தக் கணமே’ என்றிருந்தது, ‘கொஞ்ச நேரம் கழித்து’ என்று ஆனது.

இந்தச் சரிவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஷேக்ஸ்பியரைத் திறக்க வேண்டும். நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் (1596, 97 வாக்கில் எழுதியது) இரண்டாம் அங்கத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி. பிரான்சிஸ் என்று ஓர் எடுபிடிப் பையன். இளவரசன் ஹால் அவனை முன்னால் நிறுத்திப் பேச்சுக் கொடுக்கிறான். இளவரசன் சொல்லிவைத்தபடி அவன் கூட்டாளி பாயின்ஸ் பக்கத்து அறையிலிருந்து “பிரான்சிஸ்!” என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பையன் ஒவ்வொரு முறையும் “அனான், அனான், சார்!” என்று குரல் கொடுக்கிறான். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைத்து நிற்கிறான் என்று மேடைக் குறிப்பே இருக்கிறது.

இந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தப் பையன்மேல் பரிதாபம்தான் வரும். அவன் பொய் சொல்லவில்லை. ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சொல்லும்போது வர வேண்டும் என்றுதான் நினைக்கிறான். வர முடியவில்லை. இப்படி வர முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் நூற்றாண்டுக் கணக்கில் ‘அனான்’ சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்கள் மெல்ல மெல்ல அந்தச் சொல்லுக்குப் புதுப் பொருள் கற்றுக்கொண்டார்கள்.

ஜூலியட்டும் இதையேதான் செய்கிறாள். மாடத்தில் ரோமியோவோடு பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே செவிலி கூப்பிடுகிறாள். முதலில் ‘அனான்’, அடுத்து ‘பை அண்ட் பை, வருகிறேன்’. இரண்டு சொல்லையும் ஒரே காட்சியில் செலவழித்துவிடுகிறாள்.

ஹாம்லெட்டில் இன்னும் நேராகவே வருகிறது. தாய் அழைக்கிறாள் என்று பொலோனியஸ் வந்து சொல்ல, ‘பை அண்ட் பை’ வருகிறேன் என்கிறான் ஹாம்லெட். அப்படியே சொல்லிவிடுகிறேன் என்கிறார் அவர். அதற்கு ஹாம்லெட்டின் பதில்: ‘பை அண்ட் பை’ என்று சொல்வது சுலபம். இந்தப் பேச்சுக்கு ஒரு வரியில் உரை எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

ஜனவரி 12
அந்தச் சொற்கள் அப்போதே முழுக்கத் தளர்ந்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. ஷேக்ஸ்பியரின் டெம்பஸ்ட் நாடகத்தில் (1611 வாக்கில்) மந்திரவாதி பிராஸ்பரோ தன் ஏவலில் இருக்கும் ஆவி ஏரியலுக்கு ஒரு வேலை சொல்கிறான். ஏரியல் ‘பிரசென்ட்லி?’ என்று கேட்கிறது. ஆமாம், கண் இமைக்கும் நேரத்தில் என்று பதில் வருகிறது. அங்கே ‘பிரசென்ட்லி’ உடனேதான். ஆனால் ‘இப்போதேவா?’ என்று உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது, மேலே ஒரு கண் இமைப்பையும் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் நல்ல சான்று 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியம். மத்தேயு 13-ஆம் அதிகாரம், விதைப்பவன் உவமை, 20, 21 வசனங்கள். பாறை நிலத்தில் விழுந்த விதை போன்றவன் வசனத்தைக் கேட்டு ‘அனான்’ சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறான், துன்பம் வந்தால் ‘பை அண்ட் பை’ இடறுகிறான். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், ‘யூதூஸ்’, அதாவது உடனே. மொழிபெயர்த்தவர்கள் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்றைய ஆங்கில வாசகர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? அவன் கொஞ்சம் கொஞ்சமாக, காலப்போக்கில் தளர்ந்து போனான் என்று நினைப்பார். மூலம் சொல்வது அதற்கு நேர்மாறு. வேர் இல்லாததால் ஏற்றதும் உடனே, விட்டதும் உடனே. உவமையின் கூர்மையே அதில்தான் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் ‘உடனே’ ஏற்றுக்கொள்கிறான், துன்பம் ‘உண்டானவுடனே’ இடறலடைகிறான் என்று சரியாக இருக்கிறது. 1881-இல் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டைத் திருத்தியவர்கள் இரண்டு இடத்திலும் ‘ஸ்ட்ரெய்ட்வே’ என்று மாற்றினார்கள். பழைய சொல் தேய்ந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட மாதிரி.

மாற்கு 6:25-உம் இப்படித்தான். ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைத் தட்டில் வைத்து ‘பை அண்ட் பை’ கேட்கிறாள். பிறகு பார்த்துக் கொடுங்கள் என்று கேட்பவளா அவள்? தமிழில் ‘இப்பொழுதே’.

ஜனவரி 12, இரவு
ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. லூக்கா 21:9. போர்களைக் கேள்விப்படும்போது பயப்படாதீர்கள், முடிவு ‘பை அண்ட் பை’ இல்லை என்கிறது 1611 மொழிபெயர்ப்பு. முடிவு உடனே வராது என்று பொருள். இன்றைய காதுக்கு அது ‘முடிவு போகப் போகவும் வராது’ என்று கேட்கும். ஒரு வினையடை தேய்ந்ததில் ஒரு தீர்க்கதரிசனமே புரண்டு படுத்துவிட்டது.

ஜனவரி 15
‘ஸூன்’ தளர்ந்துவிட்டது, சரி, பழைய பொருள் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்பக் கேட்டிருக்கிறார். இருக்கிறது. தினமும் அதோடுதான் எனக்கு வேலை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. அவற்றில் ‘ஸூன்’ தனியாக நிற்பது அபூர்வம். நின்றால் நோயாளிக்கு ஒன்றும் புரியாது என்று எழுதுபவர்களுக்குத் தெரியும். ஆனால் ‘ஆஸ் ஸூன் ஆஸ்’ பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பத்தி ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கும். நினைவு வந்தவுடன் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். அந்த ‘நினைவு வந்தவுடன்’ ஆங்கிலத்தில் ‘ஆஸ் ஸூன் ஆஸ்’. அங்கே ஸூன் என்பது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ‘ஸோனா’வேதான். நினைவு வந்த கணமும் விழுங்கும் கணமும் ஒன்று. நடுவில் இடைவெளி கிடையாது.

‘நோ ஸூனர்’ தொடரும் அப்படித்தான். அவன் உட்கார்ந்தானோ இல்லையோ மணி அடித்தது என்கிறோமே, அந்த இடத்தில் வரும். அங்கேயும் துளி இடைவெளி இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று. ‘ஆஸ் ஸூன் ஆஸ் பாசிபிள்’ என்று வரும் இடத்தில் நான் வழக்கம்போல் ‘கூடிய விரைவில் மருத்துவரை அணுகவும்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் குழுவின் மூத்த மொழிபெயர்ப்பாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கூடிய விரைவில் செய்றோம்னு யாராவது உன்கிட்ட சொன்னா நீ என்னப்பா நினைப்ப? நாளாகும்னுதானே?” பிறகு அவரே ‘தாமதிக்காமல்’ என்று திருத்தினார். ‘கூடிய விரைவில்’ என்ற தொடரில் ஒரு பழுதும் கிடையாது. அதைப் பதில் கடிதங்களில் வைத்து வைத்து நாம்தான் அதன் விரைவை உறிஞ்சிவிட்டோம். அன்றிலிருந்து அந்தத் தாள்களில் நான் அதைத் தொடுவதில்லை.

ஜனவரி 17
சோம்பேறித்தனத்தால் சொல் தேய்கிறது என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மேலே எழுதியதை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே தேயவில்லை என்று பிரித்துப் பாருங்கள். ‘நான் ஸூன் வருகிறேன்’ என்பது வாக்கு. சொல்பவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார், வருங்காலத்தைப் பற்றிச் சொல்கிறார், நிறைவேற்றுவது அவர் கையில் பாதிதான் இருக்கிறது. அங்கே சொல் தேய்கிறது. ‘மணி அடித்தவுடன் கதவைத் திற’ என்பதில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளை ஒட்ட வைக்கும் பசை மட்டும்தான் அது. அங்கே தேயவில்லை. ஒரே சொல், ஒரே மொழி. வாக்கில் இருந்தது கரைந்தது, இணைப்பில் இருந்தது நின்றது.

இதை எழுதி முடித்ததும் ஒரு மறுப்பு எனக்கே தோன்றியது. வெறும் கதை சொல்லும்போதும் ஸூன் தளர்ந்துதானே போனது? ‘அரசன் இறந்தான், ஸூன் போர் மூண்டது’ என்பதில் வாக்கு ஏது? இதற்கு இரண்டாவது ஒரு காரணத்தையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘உடனே’ என்பதற்கு நிலையான அளவுகோல் இல்லை. அடுப்பில் கை பட்டால் உடனே என்பது ஒரு நொடிக்கும் குறைவு. அரசன் இறந்து உடனே போர் என்றால் ஒரு மாதம்கூட உடனேதான். பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தப் பயன்படுத்த, அந்தப் பெரிய இடைவெளி சொல்லுக்குள் குடியேறிவிடும். பிறகு சின்ன நிகழ்ச்சிக்கு அதே சொல்லைத் திருப்பிக் கொண்டுவந்தால் மாதத்தின் நெடி அதில் ஒட்டியிருக்கும்.

ஆக இரண்டு விசை. வாக்கு கொடுப்பவரின் தாமதம் ஒன்று, நிகழ்ச்சியின் பருமன் ஒன்று. முதலாவதுதான் வலியது என்று இன்னும் நம்புகிறேன். மேடையில் பிரான்சிஸ் கத்துவதைக் கேட்ட பிறகு வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

ஜனவரி 18
‘ஐ வுட் ஸூனர்’ என்று தொடங்கி, அதைச் செய்வதைவிட இதைச் செய்வேன் என்று சொல்கிறார்களே, அதில் நேரம் எங்கே வந்தது என்று கேட்டவருக்கு.

நேரம் இருந்தது, விருப்பமாக மாறியது. ‘அவனிடம் கேட்பதற்கு முன்னால் பட்டினி கிடந்துவிடுவேன்’ என்றால் கேட்பதைவிடப் பட்டினியே மேல் என்றுதானே புரிந்துகொள்கிறோம்? எதை முதலில் செய்வேனோ அதுதான் எனக்கு விருப்பம். இதே பாதையில் இதற்கு முன்பே போன சொல் ‘ராதர்’. இன்று ‘அதைவிட இது’ என்றும் ‘ஓரளவு’ என்றும் பயன்படும் ராதர், பிறப்பில் ஒப்பீட்டு வடிவம். ‘விரைந்து’ என்று பொருள்படும் பழைய ஆங்கில ‘ஹ்ரதே’யிலிருந்து ‘அதைவிட விரைந்து, அதற்கு முன்’ என்று வந்தது. அடிச்சொல் ‘ரேத்’ கவிதையில் மட்டும் உயிரோடு இருந்தது. மில்டன் 1637-இல் எழுதிய லிசிடஸ் கவிதையில் பருவத்துக்கு முந்திப் பூக்கும் பிரிம்ரோஸ் பூவுக்கு அந்த அடைதான். இன்று ராதர் சொல்லும் யாருக்கும் அதில் வேகம் இருந்தது தெரியாது.

ஜனவரி 20
கொஞ்சம் வழி விலகுகிறேன். அமெரிக்காவில் ஒக்லஹோமாவுக்கு ‘ஸூனர் மாநிலம்’ என்று பட்டப்பெயர். அது இந்த ஸூன்தான்.

1889 ஏப்ரல் 22. அங்கே சுமார் 20 லட்சம் ஏக்கர் நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். நடுப்பகல் 12 மணிக்குச் சைகை, அதற்குப் பிறகுதான் எல்லைக்குள் நுழைய வேண்டும், யார் முதலில் போய் இடம் பிடிக்கிறாரோ அவருக்கு நிலம். ஏறக்குறைய 50,000 பேர் குதிரையிலும் வண்டியிலும் எல்லையில் காத்திருந்தார்கள். சிலர் இரவோடு இரவாக உள்ளே புகுந்து புதரில் ஒளிந்திருந்துவிட்டு, நேரம் வந்ததும் அப்போதுதான் வந்தவர்கள் போல எழுந்து நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு ‘ஸூனர்’ என்று பெயர். முதலில் அது வசைச் சொல். நிலத் தகராறுகள் பல வருடம் நீதிமன்றங்களில் ஓடின. 1908-இல் ஒக்லஹோமா பல்கலைக்கழக விளையாட்டு அணி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. வசை பெருமையாகிவிட்டது. அந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது பட்டப்பெயரில் இல்லை. பழங்குடி மக்களை மேற்கே விரட்டி, இது உங்களுக்கு என்று காட்டப்பட்ட பகுதிகளிலிருந்து பிறகு பிடுங்கப்பட்டது அது. அங்கேயும் ஒரு வாக்கு இருந்தது.

ஜனவரி 25
இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வியாதியா என்ற கேள்விக்குப் பதில் எழுதக் காத்திருந்தேன். இல்லை.

ஸ்பானிஷில் ‘லுவேகோ’ என்றால் இன்று ‘பிறகு’. விடைபெறும்போது ‘அஸ்தா லுவேகோ’ என்பார்கள், பிறகு பார்க்கலாம். அந்தச் சொல் லத்தீன் ‘லோகோ’விலிருந்து வந்தது, ‘அந்த இடத்திலேயே’ என்று பொருள். அந்த இடத்திலேயே, அப்போதே, உடனே, அப்புறம் பிறகு. ஸூன் போன வழியை வேறு கால்களால் நடந்திருக்கிறது. மெக்சிகோவில் ‘ஆஹோரா’, அதாவது ‘இப்போது’, போதவில்லை என்று அதைச் சிறிதாக்கி ‘ஆஹோரீத்தா’ என்கிறார்கள். இத்தனூண்டு இப்போது. அதுவும் இந்த நொடி என்பதிலிருந்து எப்போதாவது என்பது வரை நீள்கிறது. ஜெர்மனில் ‘பால்ட்’ என்றால் விரைவில். அது ஆங்கில ‘போல்ட்’டின் உடன்பிறப்பு. துணிச்சலாக என்பது வேகமாக என்றாகி, பிறகு விரைவில் என்றானது.

தமிழுக்கு வருவோம். ‘உடனே’ என்பதில் இருப்பது ‘உடன்’, கூட, சேர்ந்து. ஒன்றோடு ஒன்று சேர்ந்தே நடந்தால் நடுவில் நேரம் இல்லை. ‘அனான்’ ஒன்றுக்குள் ஒன்று என்ற எண்ணத்தில் பிறந்ததைப் பார்த்தோமே, அதே எண்ணம். எனக்கு இது பெரிய சந்தோஷம் தந்த இடம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் நேர இடைவெளியை அழிக்க ஒரே யோசனையைக் கண்டுபிடித்திருக்கின்றன.

தேய்மானமும் ஒரே மாதிரி. ‘வந்தவுடன் சொல்’ என்பதில் உடன் கெட்டியாக நிற்கிறது. ‘உடனே அனுப்புகிறேன்’ என்பதில் ஆட்டம் கண்டுவிட்டது. அதனால்தான் ‘உடனடியாக’ என்று நீட்டுகிறோம், ‘இப்பவே’ என்கிறோம், அதுவும் போதாமல் ‘இப்பவே இப்பவே’ என்று அடுக்குகிறோம். ‘இதோ வந்துட்டேன்’ என்று வராதவர் இறந்தகாலத்தில் சொல்வதும் இந்த வரிசைதான். வருங்காலத்தை யாரும் நம்பாததால், முடிந்துபோன காலத்தைக் கடன் வாங்குகிறார்.

ஜனவரி 26
தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார், நன்றி. அங்கே ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போது இல்லை, பிறகு எப்போதாவது. அதைவிடச் சீக்கிரம் என்று சொல்ல ‘நவ் நவ்’. அதுவும் உடனே இல்லை, சற்று நேரத்தில். மற்ற நாட்டு ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இந்த நொடி அல்லது சற்று முன்பு. புதிதாக அங்கே போகிறவர்கள் தொலைபேசியை வைத்துவிட்டு வாசலில் காத்து நிற்பது வாடிக்கை.

‘மொமென்டரிலி’ இன்னொரு வகைத் தகராறு. அமெரிக்கர்களுக்கு அது ‘ஒரு கணத்தில்’, பிரிட்டிஷ்காரர்களுக்கு ‘ஒரு கணம் மட்டும்’. விமானம் மொமென்டரிலி தரையிறங்கும் என்ற அறிவிப்பைக் கேட்டு, தொட்டுவிட்டு மறுபடி மேலே போய்விடுமா, இறங்க நேரம் கொடுப்பார்களா என்று பிரிட்டிஷ்காரர்கள் கேலி செய்வார்கள். ‘பிரசென்ட்லி’யிலும் கடல் நடுவே பிளவு உண்டு. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் அது ‘தற்போது’, இங்கிலாந்தில் பெரும்பாலும் ‘சற்று நேரத்தில்’. மொழிபெயர்ப்பவர்கள் இந்த இரண்டையும் பார்த்தால், எழுதியவர் எந்த நாட்டவர் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குள் விடை கிடைக்காது.

பிப்ரவரி 2
அடுத்து எது தேயும் என்று கேட்கிறார்கள். வரிசையைப் பார்த்தால் ஸோனா, அனான், பை அண்ட் பை, பிரசென்ட்லி. அதற்குப் பின் ‘டைரக்ட்லி’. நேராக என்ற பொருளிலிருந்து உடனே என்று ஆகி, அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சில் ‘கொஞ்ச நேரத்தில்’ என்று ஏற்கெனவே இறங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ராணுவத்திலிருந்து ‘ஆஸ் ஸூன் ஆஸ் பாசிபிள்’ நான்கெழுத்துச் சுருக்கமாக வெளியே வந்தது. இன்று எல்லா அலுவலக மின்னஞ்சலிலும் அது இருப்பதால் எதிலும் அவசரம் இல்லை.

விழாமல் நிற்பது ‘இமீடியட்லி’. லத்தீனில் நடுவில் எதுவும் இல்லாதது என்பது அதன் பிறப்புப் பொருள். அது தப்பித்ததற்குக் காரணம் கனமான சொல் என்பதுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். நான் பார்த்தவரை அது வாக்கில் குறைவாகவும் கட்டளையில் அதிகமாகவும் வருகிறது. என் மருந்துத் தாள்களில் மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் போன்றவற்றுக்குப் பக்கத்தில் அதுதான் நிற்கும். மருந்தை நிறுத்தி ‘இமீடியட்லி’ மருத்துவ உதவி பெறுங்கள் என்று இருக்கும். யாரும் அங்கே ஸூன் போட மாட்டார்கள்.

இன்னொன்று, இது 17-ஆம் தேதி எழுதியதோடு சேர வேண்டியது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டைரக்ட்லி’யையும் ‘இமீடியட்லி’யையும் இணைப்புச் சொல்லாகவே போடுவார்கள். ‘இமீடியட்லி அவன் வந்தான், நான் கிளம்பினேன்’ என்ற மாதிரி, அவன் வந்தவுடன் என்ற பொருளில். அந்த இடத்தில் டைரக்ட்லியும் கெடவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாக்காக வந்து தளர்ந்த அதே சொல், இங்கிலாந்தில் இணைப்பாக வந்து கணத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. என் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை. வேறு மொழியில் இப்படி இரட்டை வாழ்வு வாழும் சொல் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். குறிப்பாக மலையாளத்திலும் தெலுங்கிலும் என்ன நிலை என்று தெரிந்துகொள்ள ஆசை.